முடிவு தெரிந்த கதையை எதற்கு மறுபடி படிக்க வேண்டும்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "காதல் நாவல் என்றால் கடைசியில் இருவரும் சேர்வார்கள், இல்லையென்றால் ஒருவர் சாவார். மாயக்கதை என்றால் அரக்கன் தோற்பான். ஒருமுறை படித்தாலே எல்லாம் தெரிந்துபோகிறது. படித்ததையே திரும்பப் படிப்பவர்கள் புதிய புத்தகத்துக்குப் பயப்படுகிறவர்கள் என்பது என் எண்ணம். மறுப்பவர் உண்டா?"

ஜூலை 17

உண்டு, நான் மறுக்கிறேன். வாதத்தை இன்றே தொடங்கப் போவதில்லை. இன்று ஆடி பிறந்திருக்கிறது. இந்த மாதம் முழுவதும் படிக்கப் போகிறேன், படிக்கப் படிக்க இங்கே எழுதுகிறேன்.

ஆடி முழுவதும் எனக்கு எப்படி வாய்த்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். காய் வரத் தொடங்கிவிட்டால் இரவு பகல் கிடையாது. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு தடவை கூழ் இறங்கும்போதும் ஒரு சொட்டு எடுத்துக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்க வேண்டும். பெங்களூரா ரக மாம்பழம் என்றால் 14க்குக் கீழே போகக் கூடாது. கையை எத்தனை முறை கழுவினாலும் பஸ் டிக்கெட்டில்கூட மாம்பழ வாசம் ஒட்டிக்கொள்ளும். இந்த ஆண்டு எங்கள் பக்கம் காய்ப்பு குறைவு. ஜூலை பாதியிலேயே வரத்து நின்றுவிட்டது. மறுபடி கூப்பிடும்வரை வீடுதான்.

வீட்டில் அம்மா இருக்கிறார். வயது 71. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருக்கிறது, இன்னொன்றுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். எழுத்தெல்லாம் எறும்பாக ஓடுகிறது என்கிறார். அதனால் இந்த முறை வாய்விட்டுப் படிக்கப் போகிறேன். எடுத்து வைத்திருப்பவை: குறிஞ்சி மலர், பொன்னியின் செல்வன், மணிமேகலைக் காப்பியம் உரையோடு, அம்புலிமாமா பழைய கட்டு ஒன்று, கல்லூரியில் பாடமாக இருந்த ஆங்கில நாவல் ஒன்று, அக்கா மகள் ஓசூரிலிருந்து கொடுத்தனுப்பிய மாயக்கதை ஒன்று. கடைசியாகச் சொன்னது மட்டும் புதிது. மற்ற எல்லாமே முன்பு படித்தவை.

ஜூலை 19

குறிஞ்சி மலரில் நான்கு அத்தியாயம் முடிந்தது. நா. பார்த்தசாரதி இதை மணிவண்ணன் என்ற புனைபெயரில் கல்கியில் தொடராக எழுதினார். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பூரணி, அரவிந்தன் என்று பெயர் வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

முதலில் படித்தபோது எனக்குப் பதினேழு வயது. அரவிந்தன் எப்போது வருவான் என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். அவன் அச்சகத்தில் வேலை பார்ப்பவன், கவிதை எழுதுபவன். பதினேழு வயதுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? இப்போது அம்மாவுக்காக ஒவ்வொரு வரியாக வாசிக்கும்போது அரவிந்தன் வருவதற்கு முன்னால் உள்ள பக்கங்களிலேயே நின்றுவிட்டேன். தமிழ்ப் பேராசிரியரான தந்தை இறந்துவிட்டார். தம்பிகள் இரண்டு பேர், ஒரு தங்கை. மூன்று வயிற்றுக்கும் சோறு போட வேலை தேடி மதுரை வெயிலில் ஒரு பெண் நடக்கிறாள், மயங்கி விழுகிறாள். இது என் கண்ணில் படாமலே போயிருக்கிறது. என் அப்பா போன ஆண்டு நானும் இப்படித்தான் ஒரு கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு தொழிற்சாலை வாசலாக ஏறி இறங்கினேன். அப்போது எனக்கு இந்தப் புத்தகம் ஞாபகத்துக்கே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஜூலை 20

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரவிந்தன் இறந்துவிடுவான் என்று தெரிந்தும் எப்படிப் படிக்க முடிகிறது?"

தெரிந்ததால்தான் படிக்க முடிகிறது. முதல் முறை அவன் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது அவன் வேலைக்குப் போகிற, சாப்பிடுகிற, யாரோடோ பேசுகிற ஒவ்வொரு சாதாரணப் பக்கமும் கனக்கிறது. வீட்டில் ஒருவர் போன பிறகு பழைய புகைப்படத்தைப் பார்ப்பது மாதிரி. புகைப்படத்தில் புதிதாக எதுவும் நடக்காது. ஆனாலும் எடுத்து எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா?

ஜூலை 23

இன்று படிப்பு நடக்கவில்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சொட்டு மருந்தைத் தொடரச் சொன்னார்கள்.

திரும்பும்போது கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தின் அருகே முன்பு வாடகை நூலகம் இருந்த சந்தைக் கடந்து வந்தோம். இப்போது அங்கே கைப்பேசிக் கடை. அந்த நூலகத்தில்தான் அம்மாவும் நானும் லக்ஷ்மியையும் ரமணிசந்திரனையும் சாண்டில்யனையும் படித்தோம். ஒரு புத்தகத்தை அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, நான் என்று மூன்று பேர் முடித்துவிட்டு மறுநாள் காலையில் திருப்பிக் கொடுப்போம். இன்னொரு நாள் வைத்துக்கொண்டால் வாடகை ஏறிவிடும்.

அங்கே எடுத்த ஒரு காதல் நாவல் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அட்டையும் இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை, கடைசிப் பதினாறு பக்கங்களும் இல்லை. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. கோபித்துக்கொண்டு சேலத்துக்குப் போய்விட்ட கணவனைத் தேடி அந்தப் பெண் ரயிலில் ஏறி உட்காருகிறாள். ரயில் மொரப்பூரில் நிற்கிறது. அதோடு தாள் தீர்ந்துவிட்டது. மொரப்பூர் நம் ஊர் நிலையம் என்பதால் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அவள் இறங்கினாளா, போய்ச் சேர்ந்தாளா? பல இரவுகள் நானே முடித்துப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு: முடிவு தெரியாத ஒரு கதையை நான் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுமக்கிறேன். முடிவு தெரிந்துவிட்டால் கதை தீர்ந்துவிடும் என்றால், முடிவே தெரியாத இந்தக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்ததாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ரயிலில் அவள் எதிரே உட்கார்ந்திருந்த கிழவி ஒரு கொய்யாப்பழத்தை இரண்டாகப் பிட்டு அவளுக்குப் பாதி கொடுத்தாள். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கதாநாயகியின் பெயர் மறந்துவிட்டது.

ஜூலை 26

"காதல் நாவலையும் மாயக்கதையையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்? மாயக்கதை மேல்நாட்டுச் சரக்கு" என்று ஒருவர். இதைப் படித்ததும் கோபம் வந்தது, எழுதிவிடுகிறேன்.

மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். ஒரு பெண்ணைத் தெய்வம் தூக்கிக்கொண்டு போய்க் கடல் நடுவே ஒரு தீவில் விடுகிறது. அங்கே அவளுக்கு முற்பிறவி தெரிகிறது. வேண்டிய உருவம் எடுக்க, வானத்தில் போக, பசியைப் பொறுக்க மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைக்கிறது. அவளைத் துரத்துபவன் சோழ இளவரசன் உதயகுமாரன், முற்பிறவியில் அவளுக்குக் கணவன். அவனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் உண்மையான கணவன் வானத்தில் திரியும் விஞ்சையன். தன் மனைவியை இன்னொருவன் தொடர்கிறான் என்று எண்ணி வாளை வீசுகிறான். இளவரசன் விழுகிறான். உருமாற்றம், மந்திரம், தவறாகப் புரிந்துகொண்ட காதல், கொலை. இதற்குமேல் மாயக்கதைக்கு என்ன வேண்டும்?

காயசண்டிகைக்கு ஏன் தீராப்பசி வந்தது என்பது இன்னும் நன்றாக இருக்கும். ஒரு முனிவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உண்ணும் ஒரே ஒரு நாவல் கனியை அவள் தின்றுவிட்டாள். அவருடைய பசி அவள் வயிற்றுக்கு வந்துவிட்டது. இதை வாசித்தபோது அம்மா கேட்டார்: "குறிஞ்சிப் பூவுக்கும் பன்னிரண்டு வருடம்தானே?" ஆமாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜூலை 27

நேற்று எழுதியதில் ஒரு தவறு. காயசண்டிகை அந்தக் கனியைத் தின்னவில்லை. காலால் மிதித்துச் சிதைத்துவிட்டாள். இரவு உரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தின்றிருந்தால் அது பேராசை. மிதித்தாள் என்றால் அலட்சியம். ஒருவன் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்ததை இன்னொருத்தி கவனிக்காமல் காலில் போட்டு நசுக்கிவிட்டாள். தண்டனை ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. நான்காம் முறையாகப் படிக்கிறேன். மூன்று முறையும் தின்றாள் என்றே மனத்தில் பதித்திருக்கிறேன்.

அதே நாள், இரவு

பழம் என்றதும் இன்னொன்று. தகடூர் என்பது நம் தர்மபுரிதான். அதியமான் நெடுமான் அஞ்சி மலைப் பிளவில் எட்டாத இடத்திலிருந்து கொண்டுவந்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். புறநானூற்றின் 91ஆம் பாட்டு அது. உண்டால் சாவு தள்ளிப்போகும் என்பதை அவளிடம் சொல்லாமலே கொடுத்தான், அதைத்தான் ஔவை வியந்து பாடுகிறாள். சாவை வெல்லும் பழம், அதைத் தேடி மலை ஏறிய மன்னன், கையில் கிடைத்ததும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறான். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துபோகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களையும் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றும் முடிவு மட்டும் எழுதப்பட்ட கதை. இன்னார் போரில் பட்டான், மாடு மீட்கையில் பட்டான். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 30

அம்புலிமாமா கட்டு. 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. வேதாளம் சொன்ன பழைய கதைகள் 25. அம்புலிமாமாவில் அந்த எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. மாதந்தோறும் விக்கிரமாதித்தன் மரத்தில் ஏறி உடலை இறக்கித் தோளில் போட்டு நடந்துகொண்டே இருந்தான். சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பாருங்கள்: ஒரு கையில் வாள், தோளில் வெள்ளை முடியோடு தொங்கும் வேதாளம், சுற்றிலும் மண்டை ஓடுகள். எங்கள் கட்டில் அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் எண்ணெய்க் கறையாக இருக்கிறது. தம்பி முறுக்குத் தின்றுகொண்டே பார்ப்பான்.

முடிவு தெரிந்த கதை என்றால் இதுதான். ராஜா விடை சொல்வான், வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும், எல்லாக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் அடுத்த மாதம் கடைக்கு ஓடினோம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

விடியற்காலையில் கிளம்பி அம்மாவோடு ஒகேனக்கல் போய்வந்தேன். கூட்டத்தில் அம்மாவின் கண்ணில் தூசி படாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டேன். தண்ணீர் வரத்து அதிகம் என்று பரிசல் ஓட்டத் தடை. பரிசல்களைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள், ஆமை ஓடுகள் மாதிரி. தண்ணீர் செம்மண் கரைசலாக வந்தது. அம்மா காதோலை, கருகமணி, வெற்றிலை எல்லாம் வைத்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம், "இந்தத் தண்ணீர் எப்போது வீராணத்துக்குப் போகும்?" என்றார்.

பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயம் ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், ஏரியில் புது வெள்ளம். அந்த வெள்ளம் காவிரியில் வந்து கொள்ளிடத்தில் பிரிந்து வடவாறு வழியாக ஏரிக்குப் போகிறது. அதற்கு முன்னால் நம் ஒகேனக்கல் பாறைகளில் விழுந்துதான் ஆக வேண்டும். இத்தனை முறை படித்தும் அந்த ஏரித் தண்ணீர் எங்கள் வழியாகப் போனது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸில் திரும்பும்போதே பென்னாகரம் தாண்டியதும் முதல் பாகத்தைத் திறந்து அம்மாவின் காதருகே படிக்கத் தொடங்கிவிட்டேன். முன் இருக்கையில் இருந்த பெரியவரும் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். தர்மபுரியில் இறங்கும்போது, "ஆழ்வார்க்கடியான் வந்துவிட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 6

ஐந்து பாகத்தையும் வாய்விட்டுப் படிக்க ஒரு மாதம் போதாது. முதல் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் மட்டும் படிப்பதாக முடிவு. நடுவில் உள்ளதை அம்மா எனக்குச் சொல்லிவிடுகிறார். சமையல் செய்துகொண்டே இலங்கைப் பகுதி முழுவதையும் முடித்துவிட்டார். முன்பே படித்தவர்களால் மட்டும்தான் இப்படிப் படிக்க முடியும்.

அரிசிலாற்றங்கரை முதலைக் காட்சியில் அம்மாவுக்கு முன்கூட்டியே சிரிப்பு வந்துவிட்டது. குந்தவையைக் காப்பாற்றுவதாக எண்ணி வந்தியத்தேவன் வேலை எறிகிறான், அது செத்துப் பதப்படுத்திய முதலை. முதல் முறை படிக்கும்போது நமக்கும் அவனைப் போலப் பதற்றம். இப்போது கரையில் நிற்கும் பெண்களோடு நாமும் நிற்கிறோம்.

ஆகஸ்ட் 10

இன்று மணிமேகலையைப் பற்றி எழுத வேண்டும். காப்பியத்தின் மணிமேகலை இல்லை, கடம்பூர் மணிமேகலை.

சிறுவயதில் இவளை நான் கவனித்ததே இல்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார், நந்தினி என்ன ஆனாள் என்று ஓடிக்கொண்டிருந்தேன். இவள் வரும் அத்தியாயங்கள் எனக்கு வழியில் கிடந்த கல். இப்போது நிறுத்திப் படித்தால்தான் தெரிகிறது. அண்ணன் கந்தமாறன் தன் நண்பனைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே இவள் மனத்தில் வந்தியத்தேவனை வளர்க்கிறான். நேரில் பார்ப்பதற்கு முன்பே இவள் அவனுக்கு மனத்தைக் கொடுத்துவிடுகிறாள். பிறகு அதே அண்ணன் அவனை மறந்துவிடு என்கிறான். கதை கேட்டுக் காதலித்த பெண். நம்மைப் போன்ற வாசகி. கதை சொன்னவன் கதையை மாற்றிவிட்டான், கேட்டவளால் மாற முடியவில்லை. அவனைக் காப்பாற்றக் கொலைப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளவும் துணிகிறாள். கடைசியில் அவன் அருகே உயிரை விடுகிறாள். அத்தனை பெரிய நாவலைக் கல்கி முடிப்பது அரியணையில் இல்லை, இவளிடம்.

கடைசி அத்தியாயத்தை வாசிக்கும்போது என் குரல் கம்மிவிட்டது. அம்மா தண்ணீர் எடுத்துவந்து கொடுத்துவிட்டு, "நிதானமாகப் படிம்மா, அவள் எங்கே போகப் போகிறாள்" என்றார்.

ஆகஸ்ட் 11

கொலையாளி யார் என்பதை நாவல் உறுதியாகச் சொல்லவில்லையே, அது குறையில்லையா என்று கேட்கிறார்கள். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்கிறது. அதுபோல வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதற்கும் தஞ்சைக் கல்வெட்டு இருக்கிறது. கல்யாணம் கல்லில் இருக்கிறது, காதல் நாவலில் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை தொடராகப் படித்தவர்களுக்கும் மனம் ஆறவில்லை. யார் என்ன ஆனார்கள் என்று கேட்டு எழுதினார்கள், கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். முடிவு தெரிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்.

ஆகஸ்ட் 13

ஜேன் ஆஸ்டினின் பர்ஸ்வேஷன். பிறர் பேச்சைக் கேட்டுப் பத்தொன்பது வயதில் காதலனை வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஆன், எட்டு ஆண்டு கழித்து அவனை மறுபடி சந்திக்கிறாள். கல்லூரியில் படித்தபோது இருபத்தேழு வயதில் இவளுக்கு இனி என்ன காதல் என்று நினைத்தேன். இப்போது அவளைவிட எனக்கு வயது அதிகம், அவள் சின்னப் பெண்ணாகத் தெரிகிறாள். அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆண், பெண் இருவரில் யார் அதிக காலம் மறக்காமல் இருப்பார்கள் என்று அவள் இன்னொருவரிடம் பேச, அதே அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டபடியே அவன் கடிதம் எழுதுகிற இடம் வந்ததும் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவில் அந்தக் கடிதமே கிடையாது. பிடிக்காமல் மாற்றி எழுதியிருக்கிறார். நீக்கிய அத்தியாயங்கள் அவர் கையெழுத்திலேயே இன்றும் இருக்கின்றன. 1817 ஜூலையில் அவர் இறந்தார், அந்த ஆண்டு முடிவில்தான் நாவல் வெளிவந்தது. எழுதியவரே தம் கதையைத் திரும்பப் படித்திருக்காவிட்டால் நமக்கு அந்தக் கடிதம் இல்லை.

ஆகஸ்ட் 14

அக்கா மகள் கொடுத்த மாயக்கதை, அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர், அதை அறிந்தவனுக்கு அது கட்டுப்படும். இளமைத் திமிரில் தான் அவிழ்த்துவிட்ட நிழலுக்குப் பயந்து ஓடுகிறான் கெட், பிறகு அதைத் துரத்துகிறான், கடைசியில் அதற்குத் தன் பெயரையே வைத்து அழைக்கிறான். நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. முதல் முறைதானே படித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16

ஆடி முடிகிறது. நாளை காலை தொழிற்சாலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், இயந்திரங்களைக் கழுவி மூடும் வேலை.

இரவு சாப்பிடும்போது மொரப்பூர் நாவல் பேச்சு வந்தது. இத்தனை ஆண்டுகளில் அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. நான் படிப்பதற்கு முன்பே பக்கங்கள் கிழியாத காலத்தில் அவர் அதைப் படித்திருக்கிறார்.

"அவள் மொரப்பூரில் இறங்கிவிடுவாள்" என்றார். "அந்தக் கிழவியோடு போய்விடுவாள். அவன்தான் பிறகு தேடிக்கொண்டு வருவான்."

கிழவியோடு எங்கே போனாள் என்று கேட்டேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, சொட்டு மருந்துக்காகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். "அரூர் பக்கம் ஒரு ஊர். பெயர் வாயில் வரவில்லை. மருந்தைப் போடு, சொல்கிறேன்" என்றார்.